இன்னும் கால் சுற்று

சீனி உதுமானின் வண்டியில்
நண்டுப் பெட்டித் தண்ணீர் சொட்டிச் சொட்டி
என்ஜின் மேலேயே ஒரு சின்ன உப்பளம் விளைந்திருந்தது.
பத்தாம் நம்பர் ஸ்பேனர் எந்தத் தலையிலும் உட்காரவில்லை.
"வாலிநோக்கத்திலகூட இவ்வளவு அள்ள மாட்டாங்க" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
விடியக்காலை நாலு மணிக்கு ஏலம்.

கீழக்கரையிலிருந்து ஏர்வாடி போகும் சாலையோரம்
கச்சான் காற்று மணலை வாரிக்கொண்டு வர
திறந்த சிலிண்டருக்கு என் பழைய கைலியைப் போர்த்தினேன்.
சுரண்டி, துடைத்து,
கேஸ்கட் மாற்றி,
மரைக்குழிக்குள் நின்ற எண்ணெயை
ஊசி மருந்துக் குழாயால் உறிஞ்சி எடுத்து:
அதுவே இரண்டு மணி நேரம்.
இறுக்குவது ஐந்து நிமிட வேலை.
அந்த ஐந்து நிமிடம்தான் எனக்குப் பயம்.

முதலில் விரலால்.
விரலுக்கு இறங்காத நட்டை
ஸ்பேனர் போட்டு இறக்கக் கூடாது.
பிறகு குறுக்காக,
மேல் இடது, கீழ் வலது, மேல் வலது, கீழ் இடது.
ஒரே பக்கமாய் இறுக்கினால்
ஒரு பக்கமே வலை ஏற்றிய வள்ளம் மாதிரி
ஹெட் சாய்ந்து உட்காரும்.
முதல் நடை பாதிப் பலம்.
அடுத்தது முக்கால்.
மூன்றாவதில்தான் முழுசு.

மதுரைப் பழைய சாமான் கடையில் வாங்கிய டார்க் ரெஞ்ச்
வைத்த அளவு வந்ததும் எல்லாருக்கும்
'டிக்' என்று சொல்லுமாம்.
எனக்குச் சொல்லாது.

சங்கு குளித்த காலம்.
எட்டுப் பாகத்தில் காது வலித்தது.
வலித்தால் போதும் என்று அர்த்தம்.
கீழே மணலில் ஒன்று
வலம்புரி போலத் தெரிந்தது.
இன்னும் ஒரே ஒரு பாகம் என்றேன் எனக்கு நானே.
உள்ளே ஏதோ கழன்றது,
உடனே வலி நின்றுவிட்டது.
அந்த நிம்மதி மாதிரி மோசமான ஒன்றை
அதற்குப் பிறகு நான் அனுபவித்ததில்லை.
எடுத்து வந்தது இடம்புரி. அதுவும் செத்த சங்கு.
இரண்டு காதில் ஒன்று முழுசாய்ப் போயிற்று,
மற்றது முக்காலும்.

அதனால் எனக்கு மணிக்கட்டுதான் காது.
நாடி ஒருமுறை தவறி அடித்தது போல
ஒரு சின்னத் தட்டு. நிறுத்திவிடுவேன்.
இரண்டாம் தட்டுக்கு ஆசைப்பட மாட்டேன்.

"இன்னும் கால் சுத்து வைங்கண்ணே, ரோடு கெட்ட ரோடு."
"போதும்" என்று சொல்லிவிட்டு
கை கழுவப் போனேன்.

திரும்பி வந்தபோது ஸ்பேனர் அவர் கையில்.
ஓரத்துச் சின்ன போல்ட்.
பத்து நியூட்டன் மீட்டர் மட்டுமே தாங்கும் பிள்ளை அது.
ஸ்பேனர் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.
அதற்குக் காது வேண்டாம்,
அவர் முகத்தைப் பார்த்தாலே போதும்.
வெளியே இழுத்தேன்,
போல்ட்டைச் சுற்றிக்கொண்டு வந்தது
அலுமினிய மரை, வெள்ளிச் சுருளாய்.

"லேசா ஆயிருச்சேன்னு இன்னும் திருப்புனேன்" என்றார்.
எங்கள் ஊரில் மரை கழண்டவன் என்றால் வேறு அர்த்தம்.
அதைச் சொல்லித் திட்ட வாய் வரை வந்தது.
லேசாய் ஆகும் அந்த இடம் எனக்குத் தெரியும்,
திட்டவில்லை.

ஓட்டையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி,
எஃகுச் சுருள் இறக்கி முடிக்க
மணி இரண்டரை.
ரெஞ்சை அவரிடமே கொடுத்தேன்.
"நீங்க கேளுங்க. எனக்குக் கேக்காது."

குனிந்தார். மூச்சைப் பிடித்திருந்தார்.
கை நின்றது.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்,
இன்னும் என்று கேட்கவில்லை.

மூன்றேகாலுக்குப் புறப்பட்டார்.
பணம் அடுத்த ஏலத்துக்கு.
நண்டுப் பெட்டிக்கு அடியில் மடித்து வைக்கச் சொன்ன
தார்ப்பாயைக் கடையிலேயே விட்டுவிட்டார்.

ரெஞ்சின் பிடியைத் திருகி
ஸ்பிரிங்கை அடி அளவுக்குத் தளர்த்தினேன்.
இறுகியே கிடந்தால்
அதற்கும் அளவு மறந்து போகும்.